பாட்டுக்கு அடியில் நடக்கிறவன்

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றைச் சோதித்துப் பார்க்கிற லேபில் எனக்கு வேலை. ஆலை ஊழியர்களுக்கென்று குடியிருப்புக்கு நடுவே ஒரு மனமகிழ் மன்றம் இருந்தது. ஒரு கேரம் பலகை, இரண்டு நாளிதழ்கள், சீட்டாட நாலு மேசை, சுவரோரமாக, இசைத்தட்டும் போடக்கூடிய ஒரு பழைய ரேடியோகிராம். எழுபத்தெட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருடமே என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். வேறு யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் வந்த பதவி அது.

சாலம்மாள் அங்கே கூட்டித் துடைக்கிறவள். ஆலைக்குத் தெற்கே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனியில் வீடு. கணவர் பழனி கரும்பு ஏற்றும் வண்டிகளில் ஆளாகப் போவார். இரண்டு பிள்ளைகள், பெரியவள் பூமாலை. சாலம்மாள் என்னைவிட நாலு வயது மூத்தவள். ஆனாலும் நான் அவளை நீ என்றுதான் சொன்னேன், அவள் என்னைச் சார் என்றாள். அப்போது அதில் எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

மதியம் ஒரு மணிக்கு மேல் மன்றத்தில் ஆள் இருக்காது. சாலம்மாளிடம் ஒரு சாவி இருக்கும். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல் அடித்தது, லீவு சொல்லிவிட்டுப் படுக்கப் போகும் வழியில் பேப்பரை எடுத்துக்கொள்ளலாம் என்று மன்றத்துக்குப் போனேன். படியேறும்போதே உள்ளே சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்று சட்டென்று சொல்ல முடியவில்லை. யாரோ அடித்தொண்டையில் கத்துகிறார்கள், ஏதோ கருவி ஊளையிடுகிறது, தரை அதிர்கிறது.

கதவைத் தள்ளினேன். கூடத்தில் நாற்காலிகளெல்லாம் மேசைமேல் கவிழ்ந்திருந்தன. சாலம்மாள் துடைப்பத்தைப் பிடித்தபடி ரேடியோகிராமுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறினாள். ஆனால் அந்தப் பதற்றத்திலும் ஊசியை இழுக்கவில்லை. கையைப் புடவையில் துடைத்து, சுண்டுவிரலை அடியில் கொடுத்து, மெல்லத் தூக்கி ஓரத்தில் வைத்தாள். எங்கள் உறுப்பினர்களில் ஒருவருக்கும் அப்படித் தூக்கத் தெரியாது.

"தேயாதுங்க சார். ஊசிய தொடச்சிட்டுத்தான் வெக்கறேன்."

"எத்தினி நாளா நடக்குது இது?"

"பொங்கலுக்கு முன்னால இருந்துங்க."

அப்போது ஆடி மாதம்.

இசைத்தட்டைப் பார்த்தேன். மன்றத்தின் அறுபது தட்டுகளில் யாரும் தொடாத ஒன்று அது. சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு, நாதஸ்வரம் எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. இதற்கு மட்டும் இல்லை. பம்பாயிலிருந்து இயந்திரம் பூட்ட வந்த ஒருவர் விட்டுப் போனது என்பார்கள். அட்டையில் ஏழு கறுப்பர்கள் நிற்பார்கள். ஆரஞ்சும் ஊதாவுமாக அவர்கள் மேல் வண்ணம் உருகி வழிந்திருக்கும். எழுத்துகள் சோப்பு நுரைபோல உப்பி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். ஆங்கிலம் தெரிந்த நாங்களே அந்தக் குழுவின் பெயரைக் கூட்டிப் படிக்க முடியாமல் விட்டுவிட்டோம். ஒரு புத்தாண்டு அன்று கேலிக்காகப் போட்டு, ஒரு நிமிடத்தில் நிறுத்தினார்கள். அதை எடுக்காமலே போய்விட, மறுநாள் தூசி தட்டியபோது சாலம்மாளின் கை பட்டு அது ஓட ஆரம்பித்திருக்கிறது.

"மத்த ரெக்கார்டெல்லாம் உட்டுட்டு இதுல இன்னா கண்ட?" என்றேன். கோபம் பாதி, காய்ச்சல் பாதி.

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். பிறகு, "உக்காருங்க சார், போடறேன்" என்றாள். ஒரு நாற்காலியை இறக்கி வைத்தாள். எனக்கு நிற்கவும் முடியவில்லை. உட்கார்ந்தேன்.

"பாடறவன உடுங்க. அடியில கேளுங்க. ஒருத்தன் நடந்துக்கினே இருக்கான் பாருங்க."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"காதுல கேக்காதுங்க. கைய இங்க வைங்க."

ரேடியோகிராமின் பலகையைக் காட்டினாள். வைத்தேன். உள்ளங்கையில் அது வந்தது. கனமாக, அவசரமில்லாமல், ஒரு கால் சற்றே தாமதித்து விழுகிற நடை. கையில் பிடிபட்ட பிறகு காதிலும் பிடிபட்டது.

"அவன் பாட்டு பின்னால போவல சார். பாட்டுதான் அவன் பின்னால வருது. மேல எவ்ளோ சண்டை போட்டாலும் அவன் திரும்பிப் பாக்கறதில்ல."

மேலே ஊளையிட்டுக்கொண்டிருந்தது மின்சாரக் கிட்டார் என்று அட்டைப் படத்தைப் பார்த்து ஊகித்தேன். அவள் அதற்கும் ஒன்று வைத்திருந்தாள். "கொழந்த அழும்போது வாய கையால மூடி மூடி எடுத்தா எப்டி இருக்கும்? அதாங்க." இன்றுவரை அந்தச் சத்தத்தைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று அவளைத் திட்டாமல் வீட்டுக்குப் போனேன். காய்ச்சல் விட்ட பிறகும் அந்த நடை மட்டும் காலுக்குள் எங்கோ இருந்தது. அடுத்த வாரம் நானாகவே மதிய இடைவேளையில் மன்றத்துக்குப் போனேன். பிறகு வாரம் ஒரு முறையாவது போய்விடுவேன். அவள் கூட்டுவாள், நான் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு கேட்பேன். பேச்சு அதிகம் இருக்காது.

தட்டில் ஏழு பாட்டு. ஒவ்வொன்றுக்கும் அவள் பெயர் வைத்திருந்தாள். முதல் பாட்டு தொடங்குமுன் பாடகர் தொண்டையைச் செருமுவார், அதனால் அது 'செருமல்'. இரண்டாவது, குழந்தை வாயை மூடுகிற 'வாய்மூடி'. மறுபக்கத்தில் முதலாவதாக ஒரு ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றிப் பாடுவது 'சண்டை'. கடைசிப் பாட்டு பதினோரு நிமிடம். அதை அவள் 'ஏரி' என்றாள். அது ஏரி நிரம்புவதுபோலத்தான் வரும். முதலில் மத்தளம் மட்டும், பிறகு நடக்கிறவன், பிறகு ஆர்மோனியம் மாதிரி ஆனால் அதைவிடத் தடித்த ஒரு சத்தம், கடைசியில் மூன்று பெண்கள்.

பின்னால் பாடுகிற அந்த மூன்று பெண்களையும் சாலம்மாள் தனித்தனியாக அறிவாள். "நடுவுல இருக்கறவ கெட்டிக்காரி. ஓரத்துல இருக்கறவளுக்கு வேற எங்கியோ கவனம். ஒரு நூல் பிந்தித்தான் வருவா. ஆனா அவ பிந்தறதாலதான் அது மூணு பேருன்னே தெரியுது" என்றாள். 'ஏரி' பாட்டின் நடுவே எல்லாம் நின்று மத்தளம் மட்டும் ஒலிக்கும். அப்போது யாரோ லேசாகச் சிரிப்பது கேட்கும். எனக்கு அது பாட்டின் அலங்காரம் என்று தோன்றியது. சாலம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஆர்மோனியக்காரன் ஒரு வாட்டி முந்திட்டான் சார். கேட்டீங்களா, தொட்டுட்டு விட்டுட்டான். அதான் சிரிக்கறான். மத்தவங்க நிறுத்திட்டு திரும்பப் பாடியிருக்கலாம். சரி கெடக்குதுன்னு உட்டுட்டாங்க."

கேட்டுப் பார்த்தேன். அரை நொடி. உண்மைதான்.

எனக்கு ஒரு ஆசை வந்தது. அவளுக்கு நான் திருப்பிக் கொடுக்க ஒன்று இருக்கிறதே, ஆங்கிலம். நாலு மதியம் உட்கார்ந்து, 'ஏரி'யின் சொற்களைப் பிடித்துத் தாளில் எழுதினேன். ஊரைவிட்டுப் போய் வெகு நாள் கழித்துத் திரும்பி வருகிறான் ஒருவன். தெருவில் வீட்டு எண்களையெல்லாம் மாற்றிவிட்டார்கள். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நிற்கிறான். அவ்வளவுதான் பாட்டு. சாலம்மாளிடம் சொன்னேன்.

அவள் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அப்டிங்களா" என்றாள். கொஞ்சம் கழித்து, "நான் வேற நெனச்சுக்கினு இருந்தேன்."

"இன்னா நெனச்ச?"

"அது இருக்கட்டும் சார். மத்த பாட்டுக்கெல்லாம் அர்த்தம் சொல்லாதீங்க."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இப்படி எட்டு வருடம் போயிற்று. எண்பத்தேழு செப்டம்பரில் எங்கள் சாதிக்காரர்கள் தனி இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் அறிவித்தார்கள். முதல் நாளே மணலூர்பேட்டைப் பக்கமும் சங்கராபுரம் பக்கமும் புளியமரங்களை வெட்டிச் சாலையில் போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை. என் சித்தப்பா மகன் வெங்கடேசன் குடியிருப்புக்கு வந்து என்னைக் கூப்பிட்டான்.

"நம்ம பசங்க படிச்சிட்டு மாடு மேச்சிக்கினு இருக்கறாங்க. நீ லேபுல பூதக்கண்ணாடி வெச்சிக்கினு உக்காந்திருந்தா ஆச்சா?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் தெருவில் கல்லூரி முடித்தவர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர்தான். ஆனால் நூறு வருடத்து மரங்கள் வேரருகே வெள்ளையாகப் பிளந்து கிடந்ததைப் பார்த்தபோது என்னால் அவனோடு போக முடியவில்லை. போகாதே என்று அவனைத் தடுக்கவும் முடியவில்லை. லேபில் வேலை இருக்கிறது என்று சொன்னேன். ஆலை அரைக்காத மாதம் அது. பொய் என்று அவனுக்கும் தெரியும்.

காலனியிலிருந்து ஆலைக்கு வரும் பாதை எங்கள் ஊர்த் தெருவைத் தொட்டு வரும். அந்த நாட்களில் தெருமுனையில் ஐம்பது பேர் கம்போடு உட்கார்ந்திருந்தார்கள். அங்கங்கே காலனிகளில் குடிசை எரிந்தது என்ற செய்தி வந்துகொண்டிருந்தது. காலனியிலிருந்து யாரும் வெளியே வரவில்லை. சாலம்மாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் வெளி மாவட்டத்திலிருந்து முப்பது போலீஸ்காரர்கள் வந்து இறங்கினார்கள். தங்க இடம் வேண்டும் என்றார்கள். மன்றத்தின் சாவியை நான்தான் கொடுத்தேன். கேரம் பலகையையும் பேப்பர் கட்டையும் எடுத்து அலமாரியில் பூட்டினேன். தட்டுகளை எடுத்து வைக்க எனக்குத் தோன்றவில்லை. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். எட்டு வருடம் அவளோடு உட்கார்ந்து கேட்டவன், கேரம் பலகையை எடுத்து வைத்தேன்.

ஐந்தாம் நாள் முற்பகல் சாலம்மாள் என் வீட்டு வாசலில் நின்றாள். கூடப் பழனி. ஊர்த் தெருவைத் தொடாமல் வாய்க்கால் கரையோடு வந்து, ஆள் உயரக் கரும்புக்குள் புகுந்து ஆலையின் பின்சுவருக்கு வந்திருக்கிறார்கள். கரும்பிலைச் சோகை அறுத்து இருவர் கைகளிலும் கோடு கோடாக ரத்தம்.

"ஏன் இப்ப வந்த?" என்றேன்.

"கிளப்புல போலீசு தங்கிக்கினு இருக்குன்னாங்க. ரெக்கார்டு எங்க சார்?"

பழனி என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். "சொன்னா கேக்கல சார். ராவெல்லாம் அதே பேச்சு."

மூன்று பேரும் மன்றத்துக்குப் போனோம். கூடமெங்கும் கொடிகட்டி ஈரச் சட்டைகள் தொங்கின. சீட்டு மேசைமேல் குண்டானில் கஞ்சி. அதற்கடியில் தட்டுகளை அடுக்கியிருந்தார்கள். வயதான ஏட்டு ஒருவர்தான் அதைச் செய்தவர், நல்ல மனிதர். மேசை கருகிவிடக் கூடாதே என்று பார்த்திருக்கிறார்.

சாலம்மாள் குண்டானைத் தூக்கித் தரையில் வைத்தாள். மேலே இருந்த மூன்று தட்டுகளை எடுத்துப் புரட்டினாள். மூன்றாவது அது. குண்டானின் விளிம்பு ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கவேண்டும். தட்டின் ஓரம் பொரித்த அப்பளம்போல நெளிந்திருந்தது.

"பழைய தட்டுதானம்மா?" என்றார் ஏட்டு.

"தட்டு இல்லீங்க ஐயா. உள்ள ஏழு பாட்டு இருக்குது" என்றாள். குரலை உயர்த்தவில்லை. ஏட்டு எழுந்து நின்றுவிட்டார்.

ரேடியோகிராமின் மேலிருந்த துணிகளை அவரே எடுத்தார். அவள் தட்டை வைத்தாள். ஊசி நெளிவில் ஏறித் துள்ளி விழுந்தது. இன்னொரு முறை வைத்தாள், அதேதான். பிறகு நெளிவைத் தாண்டி, 'வாய்மூடி' தொடங்கும் இடத்தில் வைத்தாள். பாடியது. மறுபக்கத்தைத் திருப்பினாள். 'சண்டை' போய்விட்டது, மற்ற இரண்டும் இருந்தன. போலீஸ்காரர்கள் சட்டையில்லாமல் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அஞ்சு பாட்டு இருக்குது சார். போன ரெண்டும் எங்கிட்ட இருக்குது."

சொல்லிவிட்டுச் செருமினாள். அந்தப் பாடகர் செருமுவதுபோலவே. வாயை மூடிக்கொண்டு, மூக்கால் அந்த நடையை எடுத்தாள். பாட்டை அல்ல, அடியில் நடக்கிறவனை. ஒரு கால் சற்றே தாமதித்து விழுந்தது. அவள் பாடி நான் கேட்டது அந்த ஒரே தடவைதான்.

தட்டை என் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வந்த வழியே கரும்புக்குள் போய்விட்டார்கள்.

மறியல் முடிந்தது, தட்டை மன்றத்தில் திரும்ப வைத்தேன். ஆனால் தெருக்களுக்கிடையே முகம் கொடுத்துப் பேச ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. எண்பத்தொன்பதில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று தனிப் பட்டியல் வந்தது. வெங்கடேசனின் தம்பிக்கு அரசு வேலை கிடைத்தது. ஆலை வாசலிலிருந்து பார்த்தால் மேற்கே கல்வராயன் மலை வரை தெரிகிற சாலையில் மட்டும் நிழல் இல்லாமல் போயிற்று.

அந்த வருடம் மன்றம் டிவி வாங்கியது. ரேடியோகிராமையும் தட்டுகளையும் ஏலம் விடத் தீர்மானம் வந்தது. கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது சாலம்மாள் கதவோரம் வந்து நின்றாள். நான் சொல்லித் தரவில்லை.

"அந்த ஓரம் நெளிஞ்ச ரெக்கார்டு எனக்குக் குடுங்க."

"உனக்கு இன்னாத்துக்கு?" என்றார் ஒரு உறுப்பினர்.

"கேக்கறதுக்குங்க."

"வூட்ல மிஷின் இருக்குதா?"

"இல்லீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து சொன்னாள்.

"ரெக்கார்டு இருந்தா மிஷின் எங்கியாவது கெடைக்குங்க. மிஷின் கெடைச்சி இந்த ரெக்கார்டு போயிட்டா நான் எங்க தேடுவேன்?"

கொடுத்துவிட்டார்கள்.

பூமாலைக்கு மஞ்சள் நீராட்டு வைத்தபோது கள்ளக்குறிச்சியிலிருந்து மைக் செட் போட இருசப்பன் வந்திருந்தார். சினிமாப் பாட்டெல்லாம் ஓடியபிறகு சாலம்மாள் தன் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். நானும் அங்கே போயிருந்தேன். கலர் சோடா குடித்தேன். சாப்பிடச் சொன்னார்கள், வயிறு சரியில்லை என்றேன். அதுவும் பொய்தான்.

தென்னைமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிலிருந்து 'வாய்மூடி' கிளம்பியது. பந்தலில் ஒரே கூச்சல். "இன்னாடி இது, கோழி புடிக்கற சத்தம்?" என்றாள் ஒருத்தி. பிள்ளைகள் மட்டும் ஆடினார்கள். சாலம்மாள் முகம் வாடி இருசப்பனிடம் போனாள். ஆட்கள் சிரித்ததற்காக அல்ல.

"நடக்கறவன காணோமேங்க."

இருசப்பனுக்குப் புரியவில்லை. அவள் மேடைப் பலகையைத் தட்டிக் காட்டினாள். அவர் குனிந்து, தட்டு சுழல்கிற இடத்தில் ஊசியின் நேர் சத்தத்தைக் காதில் வாங்கினார். அரை நிமிடம் அப்படியே இருந்தார். பிறகு, "குழாயில இது வராதும்மா. இதுக்குப் பெட்டி வோணும்" என்றார். தொழிலில் இருபது வருடம் இருந்தவர், தன் குழாயில் எது வராமல் போகிறது என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல் முறை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

மறு வருடம் சேலத்திலிருந்து பெரிய ஸ்பீக்கர் ஒன்று வாங்கி, பலா மரத்தில் பெட்டி அடித்தார். சோதித்துப் பார்க்கச் சாலம்மாளின் தட்டைக் கேட்டு வாங்கிப் போனார். நாலு நாளில் திருப்பிக் கொடுப்பார், மறுபடி வாங்குவார். கல்வராயன் மலைமேல் ஒரு ஊரில் திருவிழாவுக்கு அவரைக் கூப்பிட்டபோது, "நீயும் வாம்மா, நீயே போடு" என்று சாலம்மாளையும் பழனியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். அதுவரை அவள் மலையைக் கீழிருந்துதான் பார்த்திருக்கிறாள்.

போய்வந்த மறுநாள் லேப் ஜன்னலுக்கு வந்து எனக்குச் சொன்னாள். சாயங்காலம் ஜெனரேட்டர் போட்டு, பெட்டியை ஒரு பாறைமேல் வைத்து, 'ஏரி'யை வைத்திருக்கிறார்கள். மத்தளம் தொடங்கியதும் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்களாம். பிறகு பெண்கள் கைகோத்து வட்டமாக நின்றார்களாம். அவர்களுடைய ஆட்டத்துக்கு அந்த நடை சரியாக இருந்திருக்கிறது.

"பதினோரு நிமிசம் ஆடினாங்க சார். முடிஞ்சதும் திரும்பப் போடுன்றாங்க. மூணு வாட்டி போட்டேன். ஒரு பொம்பள வந்து, இது யாரு பாட்டுன்னு கேட்டா."

"இன்னா சொன்னீங்க?" என்றேன். நீங்க என்று வந்துவிட்டது. அவள் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"பேரு தெரியாதே. அட்டையில இருக்கற ஏழு பேரையும் காட்டினேன். அவ ஒவ்வொருத்தரா தொட்டுப் பாத்துட்டு, இதுல யாரு நடக்கறவன்னு கேட்டா சார். நான் சொல்லவே இல்ல. அவளே கேட்டா."

"யாருன்னு காட்டினீங்க?"

"ஓரத்துல ஒல்லியா நிக்கறான் இல்ல, அவன்னு சொன்னேன். நெஜமா யாருன்னு யாருக்குத் தெரியும்?"

சிரித்துக்கொண்டே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மன்றத்துப் பக்கம் போனாள். டிவிக்காக அங்கே புதிதாக இருபது நாற்காலிகள் வந்திருந்தன. அத்தனையையும் தூக்கி வைத்துவிட்டுத்தான் கூட்டவேண்டும்.